ஈயமும் ஈயாதவர்களும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படிப்பகத்துத் தோழர்கள் என்னை அழைத்தது நாடகக் கலையைப் பற்றிப் பேச. நான் எடுத்துக்கொண்டதோ ஈயச் சொம்பு! கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கொடுத்த தலைப்பை மட்டும் முழுதாக முடிப்பேன் என்று எதிர்பார்த்தது அவர்களுடைய பிழை.

ஈயச் சொம்பைப் பார்த்திருப்பீர்கள். ரசம் வைப்பதற்கென்றே பிறந்த பாத்திரம். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஒழுகிவிடும்; புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுப்பார், துருத்தி ஊதுவார், நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். கறுத்துக் கிடந்த அண்டா, வெள்ளி நிலவைப் போலச் சிரிக்கும். அது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. இதுவோ நம் பாட்டிமார் நம்பிச் சோறாக்கிய உலோகம்.

அந்த ஈயம் எந்த மண்ணில் விளைந்தது? எவன் வெட்டினான்? வெட்டியவன் வீட்டில் உலை கொதித்ததா? ரசத்தின் மணத்தில் மயங்கிய நாம் கேட்டதில்லை. இன்று கேட்போம்.

தென்னமெரிக்காவில் பொலிவியா என்றொரு நாடு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவைப் போல் ஒன்றரை மடங்கு உயரத்தில், மூச்சுக்கே பஞ்சமான மேட்டு நிலம். அங்கே யாயாகுவா என்னும் ஊர், அருகே கதாவி, அதையொட்டி ஒரு சுரங்கம். சுரங்கத்தின் பெயரைக் கேளுங்கள்: இருபதாம் நூற்றாண்டு! ஆம், அவர்கள் மொழியில் 'சிக்லோ வெயிந்தே' என்றால் அதுதான் பொருள். சுற்றிலும் கெச்சுவா, அய்மாரா மொழி பேசும் குடியானவர்கள். உருளைக்கிழங்கைப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் வைத்துண்ணக் கற்ற மக்கள். அந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள்தாம் ஈயம் வெட்டப் போனார்கள்.

சுரங்கத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். சிமோன் பட்டினோ. 1860-இல் பிறந்தவன், எளிய குடும்பம்தான். 1900-ஆம் ஆண்டு அவனுடைய சுரங்கத்தில் கொழுத்த ஈய நாளம் கண்ணில் பட்டது. கணவன் கல்லை வெட்ட, மனைவி அல்பினா கூடவே நின்று கல்லுடைத்தாள் என்று அந்நாட்டு வழக்கு. பிறகென்ன! உலகின் பெருஞ்செல்வர் வரிசையில் அவன் பெயர் ஏறியது. லிவர்பூல் உருக்காலை அவன் கைக்கு வந்தது. 1929-இல் அமைந்த அவனுடைய கூட்டு நிறுவனத்துக்குள் பினாங்கு உருக்காலை ஒன்றும் அடங்கியது. ஆகவே, உங்கள் பாட்டியின் ஈயச் சொம்பு பினாங்கிலிருந்து வந்த ஈயமாயின், அந்த ரசத்திலும் பட்டினோவுக்கு ஒரு பங்கு போயிருக்கக்கூடும்! கொச்சபம்பா நகரில் அரண்மனை ஒன்று கட்டினான். அதில் அவன் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. 1947-இல், வேற்று நாட்டில், புவெனஸ் அயர்சில் மாண்டான். அவன் பெயர் பட்டினோ. அவன் ஊருக்கு விட்டுச் சென்றதோ பட்டினி! சொல் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, நண்பர்களே, சுரங்கத்தான் வீட்டுக்குள் வாருங்கள், காட்டுகிறேன்.

வீடு என்பது ஓர் அறை. குழாய் இல்லை, குளியலறை இல்லை. அந்த ஓர் அறைக்குள் தாய், தந்தை, ஏழெட்டுக் குழந்தைகள். வீடு கிடைக்காத உறவினர் வந்தால் அவர்களும். அந்த அறையும் சொந்தமில்லை. நிர்வாகம் இரவல் கொடுத்தது. உழைக்கும் வரையில் இரவல். உழைத்தவன் மாண்டால், தொண்ணூறு நாள் தவணை. அதற்குள் கைம்பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். கணவனைப் புதைத்த கண்ணீர் காய்வதற்குள் கதவுச் சாவியைக் கேட்பார்கள்!

அவன் மாள்வதும் நெடுங்காலம் கழித்தன்று. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து படிந்து, நெஞ்சே கல்லாகிப் போகும் நோய். முப்பத்தைந்து வயதுதான் சுரங்கத் தொழிலாளியின் சராசரி ஆயுள் என்று, அந்த ஊர்ப் பெண்ணொருத்தி உலகறியச் சொன்னாள். முப்பத்தைந்து! இந்த மேடையில் நிற்கும் என் வயதை எண்ணிப் பாருங்கள். அங்கே பிறந்திருந்தால் இந்நேரம் எனக்கு இரங்கற்கூட்டம் நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

கூலி பணமாகக் கைக்கு வருவது கொஞ்சம். மிச்சம், கம்பெனிக் கடையில் பற்று. விடியுமுன்பே பெண்கள் அந்தக் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். ரொட்டிக்கு ஒரு வரிசை, இறைச்சிக்கு ஒரு வரிசை. வெளியேற்றப்பட்ட கைம்பெண் எங்கே போவாள்? சுரங்கத்தின் கழிவுக்கல் மேட்டுக்குப் போவாள். சுத்தியலால் கல்லை உடைத்து, ஒட்டிக் கிடக்கும் ஈயத்தைப் பொறுக்குவாள். அவளுக்குப் பல்யிரி என்று பெயர். கணவன் உள்ளே வெட்டி எறிந்த கல்லை, மனைவி வெளியே உடைத்துப் பிழைத்தாள்.

சுரங்கத்துக்குள் பெண் நுழையலாகாது! ஏன்? உள்ளே களிமண்ணால் கொம்பு வைத்த உருவமொன்று உட்கார்ந்திருக்கிறது. 'மாமா' என்று அழைப்பார்கள். வாயில் சுருட்டுச் சொருகி, காலடியில் கோகா இலையும் சாராயமும் படைப்பார்கள். பெண் கால் வைத்தால் மாமா சினந்துகொள்வாராம். ஈயம் மறைந்து போகுமாம். நல்லது. 1932 முதல் 1935 வரை பராகுவேயுடன் சாக்கோ யுத்தம் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். அப்போது சுரங்கத்துக்குள் இறங்கியது யார்? பெண்கள்! மாமா சினந்தாரா? இல்லை. ஈயம் மறைந்ததா? இல்லை. யுத்தம் முடிந்தது; ஆண்கள் திரும்பினார்கள்; மாமாவுக்கு மறுபடியும் சினம் வந்துவிட்டது! முதலாளியின் கணக்கை அறிந்து நடக்கும் மாமா அவர்.

1942-க்கு வருகிறேன். மலாயா ஜப்பானியர் கையில் விழுந்தது. நம் தோட்டத்துத் தமிழரைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற அதே யுத்தம். கிழக்கத்திய ஈயம் நின்றுபோகவே, நேசநாடுகளின் பீரங்கிக்கும் உணவு டப்பாவுக்கும் பொலிவியாவின் ஈயம் தேவைப்பட்டது. விலை முன்பே ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருந்தது. வெட்டு, வெட்டு, இன்னும் வெட்டு என்றார்கள். கூலியை உயர்த்து என்றான் தொழிலாளி. டிசம்பரில் வேலைநிறுத்தம். 21-ஆம் நாள், கதாவி நிர்வாக அலுவலகம் நோக்கி ஊர்வலம். ஆண்களோடு பெண்கள், பிள்ளைகள். முன்வரிசையில் நாட்டுக் கொடியைத் தாங்கி வந்தாள் மரியா பார்சோலா. கல்லுடைத்துப் பிழைத்த பல்யிரி அவள் என்பர். படை சுட்டது. சொந்த நாட்டுக் கொடியைத் தாங்கியவளை, சொந்த நாட்டுப் படை சுட்டது! மாண்டோர் எத்தனை பேர்? பத்துகளில் கணக்குச் சொன்னவர்கள் உண்டு. நூறுகளில் சொன்னவர்களும் உண்டு. ஏழை மாண்டால் எண்ணிக்கைகூடத் தகராறுதான்.

அந்த நிலத்துக்கு மரியா பார்சோலாவின் பெயர் வந்தது. பத்தாண்டுகள் கழிந்தன. 1952 ஏப்ரலில் புரட்சி. சுரங்கத் தொழிலாளர் வெடிமருந்தைக் கையிலேந்தி நின்றனர். எழுத்தறியாதவருக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல் முடிந்த அதே ஆண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அக்டோபர் 31-ஆம் நாள், மரியா பார்சோலா விழுந்த அதே மண்ணில், சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார் குடியரசுத் தலைவர் விக்தர் பாஸ் எஸ்தென்சோரோ. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பிறகு மறுபடியும் வருவார்.

பட்டினோ போனான். பட்டினி போயிற்றா? அதைத்தான் சொல்ல வந்தேன். முதலாளி மாறினார், முத்திரை மாறிற்று, கம்பெனிக் கடை அரசாங்கக் கடை ஆயிற்று. ஓர் அறை ஓர் அறையாகவே இருந்தது. தொண்ணூறு நாள் தொண்ணூறு நாளாகவே இருந்தது.

முப்பத்தைந்து வயது என்று உலகறியச் சொன்னாள் ஒரு பெண் என்றேனே, அவர் பெயர் டொமிட்டிலா பாரியோஸ் தெ சுங்காரா. 1937-இல் பிறந்தவர். புலக்காயோ என்னும் சுரங்க ஊரில் வளர்ந்தவர். தந்தை அரசியலில் ஈடுபட்டு அலைக்கழிக்கப்பட்டவர். ஆண் மகவு இல்லையே என்று ஊர் ஏளனம் செய்தபோது, பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று மகளிடம் சொன்னவர். பத்து வயதில் டொமிட்டிலா தாயை இழந்தார், தங்கைகளுக்குத் தாயானார். தங்கைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனால் ஆசிரியர் ஏற்கவில்லை. வீட்டில் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். சுரங்க விளக்கின் கார்பைடுச் சாம்பல் கொட்டிய குப்பையில் கிடந்ததை எடுத்துத் தின்றாள் கடைக்குட்டி; குடல் வெந்து இறந்தாள். இதை அவரே சொல்லியிருக்கிறார், தோழர்களே. எத்தனையோ துன்பக் காட்சி எழுதியிருக்கிறேன் நான். இந்தக் காட்சியை எழுதும் துணிவு எனக்கில்லை.

வளர்ந்தார், மணந்தார், சிக்லோ வெயிந்தேவுக்கு வந்தார். காலை நான்கு மணிக்கு எழுவார். கணவனுக்கு உணவு, பிறகு, இறைச்சி பொதிந்த பணியாரம் நூறு செய்து தெருவில் விற்பனை, கடை வரிசை, துணி துவைப்பு, குழந்தைகளின் பாடம், இரவில் தையல். கணவன் கூலி போதாததால்தான் இத்தனையும்.

1961-இல் ஒரு நிகழ்ச்சி. நிலுவைக் கூலி கேட்கத் தலைநகர் லா பாசுக்குப் போன சங்கத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். லா பாஸ் என்றால் அமைதி என்று பொருளாம்! மனைவிமார் தனித்தனியே போய்க் கேட்டார்கள்; அவமதிப்பே கிடைத்தது. ஒன்றுகூடினார்கள், அறுபது எழுபது பேர். குழந்தைகளோடு உட்கார்ந்து பத்து நாள் உண்ணா நோன்பு. கணவன்மார் விடுதலை ஆனார்கள், நிலுவையும் வந்தது. ஊர் திரும்பிய பெண்கள் இல்லத்தரசியர் சங்கம் ஒன்றை நிறுவினார்கள்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய செய்தி. தங்களை மீட்டுத் தந்த பெண்களை, அந்த வீரத் தொழிலாளர்கள் மாலையிட்டு வரவேற்றார்களா? பெண்ணொருத்தி மேடையேறிப் பேச எழுந்தபோது, வீட்டுக்குப் போ, சமை, துணி துவை என்று கூச்சலிட்டார்கள்! யார்? முதலாளியின் அடியாளா? அல்ல. உரிமைக்குப் போராடிய தோழர்கள். முழக்கமிட்டே தொண்டை கட்டிய தோழர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சென்ற மாதம் ஒரு சிற்றூரில் பொதுக்கூட்டம். முடிந்தபோது இரவு பதினொன்றரை. தோழர் ஒருவர் வீட்டில் எங்கள் பத்துப் பேருக்கும் உணவு. சூடான சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. "கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லையா, அண்ணி?" என்றேன். பெண்ணுரிமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்த மிதப்பு எனக்கு. அவர் சொன்னார்: "நான் வந்திருந்தால் இந்தச் சோற்றை யார் ஆக்கியிருப்பது தம்பி?" தோழர் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். இரண்டாம் நாள்தான் சுருக்கென்றது.

டொமிட்டிலா ஒரு கணக்குப் போட்டார். எழுத்தறியாப் பெண்களோடு உட்கார்ந்து, சமையற்காரிக்கு ஊரில் என்ன கூலி, துவைப்பவளுக்கு என்ன கூலி, குழந்தை பார்ப்பவளுக்கு என்ன கூலி என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். கூட்டிய தொகை, சுரங்கத்துக்குள் கணவன் ஈட்டும் கூலியை விஞ்சி நின்றது! அப்படியானால் நிர்வாகம் ஒருவனுக்குக் கூலி கொடுத்து இருவரிடம் வேலை வாங்குகிறது. அவனை நாளைக்கு மறுபடியும் குழிக்குள் அனுப்ப ஆயத்தம் செய்கிறாளே, அவள் உழைப்பு இனாம். அந்தக் கணக்கைப் போட்ட அன்று, வீட்டில் உட்கார்ந்திருந்தவள் தொழிலாளி ஆனாள். ஆணுக்கு எதிரான கணக்கன்று அது. அவனுக்கும் அவளுக்கும் எதிரி யார் என்று காட்டிய கணக்கு. ஆயினும், அதைப் புரிந்துகொள்ள ஆண்களுக்கு ஆண்டுகள் பிடித்தன.

1964-இல் படைத்தலைவர் பாரியெந்தோஸ் ஆட்சியைப் பிடித்தார். 1965-இல் கூலி வெட்டு. 1967 ஜூன் 23, புனித ஜான் திருவிழா இரவு, கடுங்குளிர். தெருவெங்கும் தீ மூட்டி, குடும்பம் குடும்பமாக ஆடிப் பாடினார்கள். மறுநாள் சங்கக் கூட்டம் நடக்கவிருந்தது. விடியுமுன் படை நுழைந்தது. வெடியோசை விழா வெடிதான் என்று எண்ணியவர்கள் உண்டு. இருபதுக்கும் குறையாத பேர் மாண்டார்கள். தட்டிக்கேட்ட டொமிட்டிலாவைச் சிறைப்படுத்தி வதைத்தார்கள். அவர் வயிற்றில் குழந்தை இருந்தது. அது பிழைக்கவில்லை.

1975-இல் மெக்சிகோ நகரில் பன்னாட்டுப் பெண்கள் ஆண்டு மாநாடு. பெருநகரத்துப் பெருமாட்டிகளின் கூட்டத்தில், ஏழு குழந்தைகளின் தாயான இந்தச் சுரங்கத்தான் மனைவி எழுந்து, நாள்தோறும் புதுப்புது உடையில் வரும் உங்களுக்கும் எனக்கும் ஒற்றுமை எதில் இருக்கிறது என்று கேட்டார். நம் ஊர்ப் பேச்சாளர் ஒருவர் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். அவர் வீட்டு அம்மையார் நம்மைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டால் கைதட்டுவோமா?

1977 டிசம்பர் 28. பொலிவியாவில் பான்செரின் சர்வாதிகாரம். சங்கங்களுக்குத் தடை, சுரங்க ஊர்களில் படை, தலைவர்கள் நாடு கடத்தல். வாய் திறக்க ஆண்கள் தயங்கிய நேரம். சுரங்கத்தார் மனைவியர் நால்வர் தலைநகரின் பேராயர் மாளிகையில் உண்ணா நோன்பு தொடங்கினார்கள். கூட அவர்களின் குழந்தைகள் பதினால்வர். நால்வரும் தலைவியரல்லர், நாடறிந்தவருமல்லர். இந்த நேரத்தில் இது கூடாது, தோற்றுப்போகும் என்று தடுத்தவர்கள் நண்பர்கள்தாம். சில நாட்களில் டொமிட்டிலாவும், பாதிரியார்களும் மாணவர்களும் சேர்ந்தனர். குழந்தைகளை விடுவித்து, அவர்கள் இடத்தில் பெரியவர்கள் அமர்ந்தனர். பரவிற்று, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உண்ண மறுத்தனர். மூன்று வாரத்தில் சர்வாதிகாரி பணிந்தார். பொது மன்னிப்பு வந்தது. நாடு கடத்தப்பட்டோர் திரும்பினர். பெரும்படைக்கும் சாயாத ஆட்சியை நான்கு பட்டினி வயிறுகள் சாய்க்கத் தொடங்கின. அன்றைக்கு யாரும், வீட்டுக்குப் போய்ச் சமை என்று கூவியதாகத் தெரியவில்லை!

வென்றார்கள், வாழ்ந்தார்கள் என்று திரையை இறக்க நாடகக்காரனுக்கு ஆசைதான். வரலாறு விடவில்லை. 1985 ஆகஸ்ட் 29. சுரங்கங்களின் கதவைச் சாத்த வழிவகுத்த பொருளாதார ஆணை ஒன்றில் கையெழுத்து விழுந்தது. யார் கையெழுத்து? மறக்காதீர்கள் என்றேனே, அதே விக்தர் பாஸ் எஸ்தென்சோரோ! 1952-இல் நாட்டுடைமையாக்கிய அதே கை. அக்டோபர் 24-ஆம் நாள் லண்டன் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது, விலை சரிந்தது. மலேசியாவின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சுரங்கங்கள் மூடின. பொலிவிய அரசுச் சுரங்கங்களின் முப்பதாயிரம் தொழிலாளரில் ஏறத்தாழ 23,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 'இட மாற்றம்' என்று அதற்கு நாகரிகப் பெயர் சூட்டினார்கள். 1986 ஆகஸ்டில் ஆண்களும் பெண்களும் தலைநகர் நோக்கி நடந்தார்கள். கலமார்க்கா என்ற ஊரில் படை மறித்தது. கூரைத் தகட்டைக் கழற்றி, பானை சட்டியைக் கட்டிக்கொண்டு, எல் ஆல்ட்டோவின் குடிசைகளுக்கும், கொச்சபம்பாவுக்கும், கோகா விளையும் சப்பாரேக் காட்டுக்கும் குடும்பங்கள் சிதறின. பாட்டன் உழவன், தந்தை சுரங்கத்தான், மகன் தெருவில் சில்லறை வணிகன். ஒன்று மட்டும் அவர்களோடு கூடவே போயிற்று: சங்கம் கூடும் பழக்கம். எல் ஆல்ட்டோவின் தெருக்களும் சப்பாரேயின் தோட்டங்களும் பிற்காலத்தில் ஆட்சிகளை ஆட்டிவைத்ததில் அந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு.

டொமிட்டிலா 2012 மார்ச் 13-இல் கொச்சபம்பாவில் மறைந்தார். அரசு மூன்று நாள் துக்கம் கொண்டாடியது. பட்டினோ குடியிருக்காத அரண்மனை அதே நகரில்தான் இருக்கிறது. கழிவுக்கல் மேடுகளில் இன்றும் பெண்கள் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேடையில் பேசியது இவ்வளவே. அச்சுக்காக ஒன்று சேர்க்கிறேன். அன்றைய கூட்டத்துக்கு முன் சொன்ன அந்த அண்ணியும் வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில், முடியும் வரையில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அழைத்தார். யார் ஆக்கியது என்று நான் கேட்குமுன் தோழரே வாயிலில் நின்று சொன்னார்: ஐந்து மணிக்கே உலை வைத்துவிட்டாராம். சோறு நன்றாகக் குழைந்திருந்தது, ரசத்தில் உப்பில்லை. பத்துப் பேரும் சாப்பிட்டோம்.